அவளுக்கும் ஒண்ணுமில்லீங்க

1

நேற்றைய தபாலில் பச்சைச் சீட்டு வந்திருக்கிறது. ஊரில் இருப்பவர்களுக்கு இது என்னவென்று தெரியாது என்பதால் சொல்லிவிடுகிறேன். சிட்னியில் கார் வைத்திருப்பவன் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு காப்பீட்டுச் சீட்டு வாங்கியே ஆகவேண்டும். அது காருக்கு அல்ல. நம் காரால் அடிபடுகிற மனிதர்களுக்கு. அது இல்லாமல் வண்டியைப் பதிவு செய்ய மாட்டார்கள். பச்சை நிறத்தில் இருப்பதால் எல்லோருக்கும் அது பச்சைச் சீட்டு.

இங்கே வந்து ஏழு வருடமாக வாங்குகிற சீட்டுதான். முன்பெல்லாம் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன். அடிபடுகிற மனிதர்கள் என்றால் யாரோ தெருவில் போகிறவர்கள் என்று ஒரு நினைப்பு. இந்த முறை அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் காரால் அடிபட்டவள் என் மனைவி கோகிலா. நடக்கிற வேகத்தில் நடந்த ஒரு சின்ன முட்டல்தான். அதைவிடப் பெரிய சேதத்தை மறுநாள் தொலைபேசியில் நான் சொன்ன ஒரு வார்த்தை செய்தது. அந்த வார்த்தையால் அவள் கழுத்துவலி ஒன்பது மாதம் வைத்தியமில்லாமல் கிடந்தது.

2

சென்ற ஆண்டு, ஒரு சனிக்கிழமை காலை. பத்து மணிக்குத் திவ்யாவுக்குத் தமிழ் வகுப்பு. எங்கள் மகளுக்கு அப்போது பத்து வயது. தமிழ் வகுப்பு என்றால் அவளுக்குத் தலைவலி வரும், வயிற்றுவலி வரும், காலுறையில் ஒன்று காணாமல் போகும். அன்றைக்கும் நேரமாகிவிட்டது. சடை பின்னி முடிப்பதற்குள் எல்லோரையும் வண்டியில் ஏற்றினேன். வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினேன்.

எங்கள் பேட்டை ரவுண்டானாவில், முன்னால் நின்ற வெள்ளைக் கார் நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். அது மனம் மாறி நின்றுவிட்டது. வலது பக்கம் வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த நான் நிற்கவில்லை. டொக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இறங்கிப் பார்த்தால் அந்தக் காரின் பம்பரில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கீறல். என் பம்பரில் அதுகூட இல்லை.

அந்தக் காரை ஓட்டி வந்தவர் ஒரு வயதான வெள்ளைக்காரர். நான் நாலு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "உள்ளே எல்லோரும் நலமா?" என்று கேட்டார். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் "எல்லோரும் நலம்" என்றேன்.

மறுநாள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லத் தொலைபேசினேன். பேச்சைப் பதிவு செய்கிறோம் என்று முதலிலேயே சொன்னார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். உங்கள் வண்டியில் யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டார்கள். "இல்லை. என் மனைவிக்கும் ஒன்றுமில்லை, மகளுக்கும் ஒன்றுமில்லை" என்று தெளிவாகச் சொன்னேன்.

இதில் பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் எனக்குக் கடுகளவும் இல்லை. நம் ஊர் வாய்க்கு அது பழக்கம். "நல்லா இருக்கீங்ளா?" என்று கேட்டால், காய்ச்சலில் படுத்திருப்பவனும் "நல்லா இருக்கறனுங்க" என்றுதான் சொல்வான். கடிதம் எழுத உட்கார்ந்தால் "இங்கு யாவரும் நலம்" என்று போட்ட பிறகுதான் பேனாவே ஓடும். அந்த யாவரையும் கேட்டுவிட்டா எழுதுகிறோம்? வீட்டுக்காரன் எழுதினால் வீடே நலம்.

3

இங்கே தமிழ்க் குடும்பங்கள் கூடுகிற இடங்களில் நான் விரும்பிச் சொல்கிற கதை ஒன்று உண்டு. விபத்து, காப்பீடு, வக்கீல் என்று பேச்சு வந்தால் போதும், ஆரம்பித்துவிடுவேன்.

விசா கிடைத்த வாரம். மேட்டுப்பாளையத்தில் உறவினர்களிடம் சொல்லிக்கொண்டு கோயமுத்தூருக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். மாமனாரின் பழைய கார். கோகிலா பக்கத்தில், மடியில் நாலு வயதுத் திவ்யா தூங்கிக்கொண்டிருந்தாள். துடியலூரில் சந்தைக் கூட்டம். ஊர்ந்து போகிற வேகத்தில் முன்னால் போன மொபெட்டை முட்டிவிட்டேன். ஒரு ஆளும் அவர் சம்சாரமும் தக்காளிக் கூடையோடு சரிந்து விழுந்தார்கள். நான் பதறியடித்து இறங்கினேன். அந்த ஆள் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, என்னைச் சமாதானம் செய்தார்.

"அட, ஒண்ணுமில்லீங்க. நீங்க எதுக்குங்க வெசனப்படறீங்க? கூட்டத்துல நாந்தான் பிரேக்குப் போட்டுட்டனுங்க."

"உங்க ஊட்ல அவங்களுக்கு...?"

"அவளுக்கும் ஒண்ணுமில்லீங்க."

எல்லோருமாகத் தக்காளியைப் பொறுக்கினோம். நான் நாலு இளநீர் வெட்டச் சொன்னேன். பணம் கொடுக்கப் போனேன், கும்பிட்டு மறுத்துவிட்டார். "போய்ட்டு வாங்க" என்று வழியனுப்பினார். போலீஸ் இல்லை, படிவம் இல்லை, இளநீரோடு முடிந்தது. "இதாங்க நம்மூரு!" என்று நான் முடிக்கும்போது கேட்பவர்கள் கண் கலங்குவார்கள். எனக்கும் கொஞ்சம் கலங்கும். கோகிலா மட்டும் அந்த நேரத்தில் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள். நூறு தடவை கேட்ட கதை, அலுத்துவிட்டது போலும் என்று நினைத்துக்கொள்வேன்.

4

முட்டல் நடந்து மூன்று மாதம் இருக்கும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், திவ்யா தலைமுடியைக் காதோடு ஒட்ட வெட்டிக்கொண்டு நிற்கிறாள். இடுப்பு வரை இருந்த முடி. விடுமுறைக்குப் போனபோது கோயமுத்தூரில் கல்யாண வீடுகளில் பெண்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்த முடி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போகிற போக்கில் எல்லாம் போகும், முதலில் முடி, அப்புறம் மொழி, அப்புறம் நாம் என்று சாப்பாட்டு நேரத்தில் ஒரு பிரசங்கமே செய்தேன். ஊருக்கு எழுதிய கடிதத்திலும் "பிள்ளைகள் கைவிட்டுப் போகிறார்கள்" என்று ஒரு பாரா எழுதினேன். திவ்யா ஒரு வாரம் பொறுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை, வகுப்புக்குக் கிளம்பும்போது மறுபடி ஆரம்பித்தேன். அவள் அழுதுவிட்டாள்.

"அம்மாவால பின்ன முடியலப்பா! கைய மேல தூக்குனா அம்மாவுக்குக் கண்ல தண்ணி வருது. அதான் நானே கட் பண்ணிக்கறேன்னு சொன்னேன்."

"என்ன சொல்றே? எப்ப இருந்து?"

"கார் இடிச்சதுல இருந்து. அம்மா பின்னாடி திரும்பி எனக்கு ரிப்பன் கட்டிட்டிருந்தாங்க. அப்பதான் இடிச்சுது. அம்மா கத்துனாங்களே, உங்களுக்குக் கேக்கலயா?"

எனக்குக் கேட்கவில்லை. பம்பரைப் பற்றிய கவலையில் எனக்கு வேறு எதுவும் கேட்டிருக்காது.

கோகிலா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. புள்ள என்னமோ சொல்லுது. நேரமாச்சு, கெளம்புங்க" என்றாள்.

அப்புறம் யோசித்துப் பார்த்தால் எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்திருக்கிறது. தேநீர்க் கெட்டிலை அவள் வலது கையால் மட்டும் தூக்கினாள். மேல் அலமாரியில் இருந்த டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி வந்திருந்தன. கூடத்தில் தலையணை இல்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்தபடி தூங்கினாள். நான் அதைத் தொலைக்காட்சியின் மகிமை என்று கேலி செய்தேன்.

5

மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். கழுத்து நரம்பு ஒன்று நசுங்கியிருக்கிறது, அதனால்தான் இடது தோளிலிருந்து விரல் வரை மரத்துப்போகிறது என்றார். இவ்வளவு மெல்ல முட்டியதில் இப்படி ஆகுமா என்று நான் கேட்டேன். நேராக உட்கார்ந்திருந்தால் தப்பித்திருக்கலாம், கழுத்தைத் திருப்பி வைத்திருந்தபோது ஒரு வெட்டு வெட்டினால் போதும் என்றார். மாதக்கணக்கில் இயன்முறைச் சிகிச்சை வேண்டும், இப்படியே விட்டால் கை மெலிந்துவிடும் என்று எச்சரித்தார். கோகிலா திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை பார்க்கிறாள். கை போனால் வேலை போகும். அவ்வளவு நீண்ட சிகிச்சையை எங்கள் சம்பளத்தில் தாங்கவும் முடியாது. இதற்காகத்தானே பச்சைச் சீட்டு, விண்ணப்பம் போடுங்கள் என்றார் மருத்துவர்.

படிவம் பதினாறு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் வண்டி நின்றுவிட்டது. "இந்த விபத்துக்கு யார் காரணம்?" என்று ஒரு கட்டம். காயம்பட்டவர் நிரப்ப வேண்டும். கோகிலா பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"எம்பட கையால உங்க மேல குத்தம் எழுத மாட்டனுங்க."

"குத்தமில்ல கோகிலா, அது ஒரு கட்டம். நிரப்பினாத்தான் வாங்குவாங்க."

"நாளைக்கு இத எடுத்து வெச்சுக்கிட்டு உங்க லைசென்ச புடுங்கிட்டாங்கன்னா? எனக்கு இந்த வைத்தியமே வேண்டாமுங்க. தைலந் தேச்சாப் போயிரும்."

மூன்று மாதமாக அவள் வாய் திறக்காததற்கு இதுதான் காரணம் என்று அப்போதுதான் தெரிந்தது. தன் கழுத்தைப் பணயம் வைத்து என் ஓட்டுநர் உரிமத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். பேனாவை வாங்கி அந்தக் கட்டத்தில் என் பெயரை நானே எழுதினேன். கையெழுத்து மட்டும் அவள் போட்டாள். ஏதோ பெரிய தியாகம் செய்துவிட்டதுபோல் அன்று எனக்கு ஒரு பெருமிதம் வேறு.

6

நாலு மாதம் இழுத்தடித்த பிறகு, மறுத்து ஒரு கடிதம் வந்தது. வண்டிக்குச் சேதமே இல்லை. ஆகவே உள்ளே இருந்தவருக்குக் காயம் ஏற்பட்டிருக்க வழியில்லை. மேலும், பயணிக்கு ஒன்றுமில்லை என்று ஓட்டுநரே பதிவான உரையாடலில் சொல்லியிருக்கிறார். வேறு விளக்கம் இருந்தால் இருவரும் நேரில் வரலாம்.

நான் கோயமுத்தூரில், கணபதிப் பகுதியில், இரும்பு வார்க்கிற ஒரு பவுண்டரியில் பரிசோதகனாக இருந்தவன். இங்கேயும் அதே வேலைதான். வார்ப்பு வெளியே பளிச்சென்று இருக்கும், உள்ளே விரிசல் ஓடியிருக்கும். அதனால் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்போம். நல்லது கணீரென்று சொல்லும். விரிசல் விட்டது பொத்தென்று சொல்லும். தட்டாமல் எதன்மீதும் சாக்பீஸில் குறி போட்டு அனுப்பியதில்லை என்று இருபது வருடமாகச் சொல்லித் திரிகிறேன். கட்டிய மனைவியைத் தட்டிப் பார்க்காமல் குறி போட்டு அனுப்பியிருக்கிறேன்.

செய்தி கேட்டு வேலுசாமி வந்தார். தொண்டாமுத்தூர்க்காரர், இங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார், உதவிக்கு முதல் ஆளாக வருகிறவர்.

"ஒரே வார்த்தைங்கண்ணா. அன்னிக்குப் பொழுதோடயே அக்கா கழுத்து நோவுதுன்னு சொன்னாங்க, நாந்தான் போன்ல மறந்து மாத்திச் சொல்லிப்போட்டேன்னு சொல்லிப்போடுங்க. முடிஞ்சுது கத. யாருக்கு நட்டம்?"

யாருக்கும் நட்டமில்லைதான். அவளுக்கு உண்மையாகவே வலிக்கிறது. வழியில் ஒரு சின்னப் பொய். காப்பீட்டு அலுவலகம் வரை அதைத்தான் மனதுக்குள் உருப்போட்டுக்கொண்டு போனேன்.

அதிகாரி என் வயதுப் பெண்மணி. முகத்தில் கடுமை ஒன்றுமில்லை. ஒரு கேசட்டைப் போட்டார். என் குரல் வந்தது. "என் மனைவிக்கும் ஒன்றுமில்லை, மகளுக்கும் ஒன்றுமில்லை." கணீரென்று இருந்தது. கோகிலா அதை அப்போதுதான் முதல்முறை கேட்கிறாள். தலையைக் குனிந்து விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கள் மனைவிக்கு அடிபடவில்லை என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? அவரைக் கேட்டீர்களா?" என்றார் அதிகாரி.

வேலுசாமியின் வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால், நான் அன்று மாலையே கேட்ட கணவன் ஆகிவிடுவேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அதற்குத் தலையாட்ட வேண்டியிருக்கும். ஆட்டுவாள். எனக்காக இத்தனை மாதம் ஆட்டிய தலைதானே. அதை நினைத்ததும் என்னால் முடியவில்லை.

"கேட்கவில்லை" என்றேன்.

"அன்று மாலை?"

"இல்லை."

"மறுநாள் எங்களோடு பேசுவதற்கு முன்னால்?"

"இல்லை."

"பிறகு எப்போது கேட்டீர்கள்?"

"நான் கேட்கவே இல்லை. என் மகள் சொன்னாள்."

ரிப்பன் கதையையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் எழுதி, வாசித்துக் காட்டினார். "ஓட்டுநர் பயணியிடம் விசாரிக்கவில்லை" என்று அதில் ஒரு வரி. அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். பிறகு அவர் நாற்காலியைக் கோகிலாவின் பக்கம் திருப்பிக்கொண்டு, எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று கேட்டார். கோகிலா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவளே பேச ஆரம்பித்தாள். தட்டுத் தடுமாறி, கையைக் காட்டி, அரைமணி நேரம் பேசினாள். அவளுக்கு இவ்வளவு ஆங்கிலம் வரும் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு இவ்வளவு வலி இருந்தது என்றும் தெரியாது.

7

திரும்பி வரும்போது பாதி வழியில் அவள் சொன்னாள்:

"ஏனுங்க, அந்தத் துடியலூர்க் கதைய இனிமே யாருகிட்டயும் சொல்லாதீங்க."

"ஏன்?"

"அந்த அம்மணிக்கு அடிபட்டிருந்துச்சுங்க. நீங்க எளனிய நீட்டுனீங்கல்ல, இடது கைய எடுக்கவே இல்ல. மடியிலயே வெச்சுக்கிட்டு இருந்துச்சு. மணிக்கட்டு வீங்கிப் போயிருந்துச்சுங்க. மொபெட்ல ஏறறப்பக்கூட ஒத்தக் கையிலதான் புடிச்சு ஏறுச்சு."

"நீ அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"விசா வந்த சந்தோசத்துல இருந்தீங்க. 'ஒண்ணும் ஆகலைல்ல, போலாம்'னு சொல்லிப்போட்டு வண்டியெடுத்துட்டீங்க. நான் அந்த அம்மணியப் பாத்தேன். அதும் என்னையப் பாத்துச்சு. ரெண்டு பேரும் ஒண்ணுஞ் சொல்லலீங்க."

ஏழு வருடமாக அந்தக் கதையை வைத்து நான் ஊர்ப் பெருமை பேசியிருக்கிறேன். "அவளுக்கும் ஒண்ணுமில்லீங்க" என்று அந்த மனிதர் நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் நல்ல மனதோடுதான் இளநீர் வெட்டச் சொன்னேன். இரண்டு நல்லவர்கள் கும்பிட்டுப் பிரிந்தோம். நடுவில் ஒரு பெண் வீங்கிய கையோடு தக்காளிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று இனி நான் யாரைக் கேட்பது? பெயர்கூடத் தெரியாது. அந்தக் கதையை அதற்குப் பிறகு நான் எங்கும் சொன்னதில்லை. இப்போது இங்கே எழுதுவதுதான் கடைசி.

8

ஆறு வாரத்தில் ஏற்றுக்கொண்டு கடிதம் வந்தது. சிகிச்சை நடக்கிறது. கை தோள் உயரம் வரை வருகிறது. அதற்கு மேல் கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்கிறார்கள். திவ்யாவுக்குக் குட்டை முடியே பிடித்துப்போய்விட்டது. அதை நான் ஊருக்கு எழுதவில்லை.

இன்று சனிக்கிழமை. காலையில் அதே ரவுண்டானாவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாய் குறுக்கே ஓடியது. பிரேக் போட்டேன். யார்மீதும் முட்டவில்லை, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பக்கத்தில் கோகிலா சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க, போங்க" என்றாள். சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

நான் போகவில்லை. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். பின்னால் திவ்யா எட்டிப் பார்த்தாள். கார்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. கோகிலா முன்கண்ணாடி வழியாகவே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நோவுதுங்க" என்றாள்.

கல்யாணமாகிப் பதிமூன்று வருடத்தில் அவள் என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"எங்க, அம்மணி?" என்று கேட்டேன்.

அவள் காட்டினாள்.